ஆறு வயதுக்குள் ஏ.டி.எச்.டி. மருந்து

அன்புள்ள தம்பிக்கு,

ஏ.டி.எச்.டி. என்பது கவனம் நிலைக்காமையும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த நிலை. நான்கைந்து வயதில் இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, குழந்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2019 நெறிமுறையும் இதையே சொல்கிறது. சிவகாசி வட்டாரத்தில் இந்தப் பயிற்சிதான் சிகிச்சையின் கடினமான பகுதி. தாய்மாரை வேலைக்கு ஏற்றிச் செல்லும் பட்டாசு ஆலை வேன் காலையிலேயே வந்துவிடும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் தாய் ஒரு நாள் பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. அவர் வராததை அக்கறையின்மை என்று சீட்டில் எழுதுவது அநியாயம்.

பயிற்சிக்குப் பிறகும் தொல்லை குறையாவிட்டால் முதலில் மெத்தில்ஃபெனிடேட் என்ற தூண்டு மருந்து. 3 முதல் 5½ வயதுக் குழந்தைகளிடம் நடந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இது பலன் தந்தது. ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அளவுக்கு இல்லை. எரிச்சலும் அழுகையும் பசியின்மையும் தொந்தரவு செய்தன, எடையும் உயரமும் கூடுவது மந்தப்பட்டது. எனவே மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு வருகையிலும் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் காலை இட்லியாவது வயிற்றுக்குள் போயிருக்கும். சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரமே வேலை செய்யும். தாய் வேன் ஏறுமுன் கொடுத்தது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அடுத்த வேளை தேவைப்பட்டால் கொடுப்பது பாட்டியா, டீச்சரா என்பது முன்பே முடிவாக வேண்டும்.

இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டு வைத்திருப்பார். தனி உரிமம் பெற்ற கடையில்தான் கிடைக்கும். எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லாமல் சீட்டை மட்டும் கொடுத்தால், குடும்பம் ஊர் ஊராக அலையும்.

ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான குளோனிடின், ரத்த அழுத்த மருந்தாக வந்தது. சிறு குழந்தைகள் 497 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த 2021 ஆய்வில், குளோனிடின், குவான்ஃபசின் வகை மருந்து எடுத்தவர்களில் 66 சதவீதத்தினரும், மெத்தில்ஃபெனிடேட் போன்ற தூண்டு மருந்து எடுத்தவர்களில் 78 சதவீதத்தினரும் முன்னேறினர். முதல் வகையில் பகல் தூக்கம் அதிகம். இரண்டாவதில் சிடுசிடுப்பும் பசியின்மையும் அதிகம். குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். மாத்திரை தீருமுன் வாங்கி வைக்க முடியாத வீட்டுக்கு இது ஆபத்து.

மூன்றாவது மருந்தான அடோமாக்செட்டின் அட்டவணை எக்ஸில் இல்லை, வாங்குவது எளிது. ஆனால் முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், ஆறு வயதுக்குள் ஆதாரமும் மெலிவு. மூன்று மருந்துகளுக்குமே ஏ.டி.எச்.டி.க்கான அமெரிக்க அனுமதி 6 வயதிலிருந்துதான். அதற்குக் கீழே மனநல அல்லது குழந்தை மருத்துவ நிபுணர் நேரில் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்