கூட்டாளியின் கண்

பதுளைத் தம்பிக்கு,

முதல் மரதன் ஓட்டத்துக்கு உன் கூட்டாளியோடு சேர்ந்து பெயர் கொடுத்துவிட்டாய் என்ற செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. 42.195 கிலோமீற்றர் சின்னத் தூரம் இல்லை. வாரத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறாய், ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் வேறொன்றைப் பற்றியது. வெயில் காலத்தில் பக்கத்தில் ஒருவன் ஓடுகிறானே, அவன் எதற்கு?

வன்கூவர் நகரத்தில் 1954 ஓகஸ்ட் 7ஆம் திகதி நல்ல வெயில். பிரித்தானியப் பேரரசு, பொதுநலவாய விளையாட்டுப் போட்டியின் மரதனில் 16 பேர் புறப்பட்டார்கள். இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் அன்றைய உலகத்தின் மிக வேகமான மரதன் ஓட்டக்காரர். மைதானத்துக்குள் அவர் நுழைந்தபோது அடுத்தவர் ஏறக்குறைய 17 நிமிடம் பின்னால் இருந்தார். நடந்தே முடித்திருந்தாலும் தங்கம் அவருக்குத்தான். ஆனால் அவர் விழுந்தார். எழுந்து தள்ளாடினார், மறுபடி விழுந்தார், தவழ்ந்தார். சுமார் 200 மீற்றரைக் கடக்க அவருக்கு 11 நிமிடம் போனது. கடைசியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. ஸ்கொட்லாந்தின் ஜோ மக்கீ வென்றார். புறப்பட்ட 16 பேரில் முடித்தவர்கள் 6 பேர்.

அந்த 17 நிமிட இடைவெளியை வீரம் என்று படிப்பவர்கள் உண்டு. அதை வேறு மாதிரியும் படிக்கலாம். அவர் பக்கத்தில் ஓட யாருமே இல்லை. "ஜிம், உன் கால் பின்னுகிறது, வேகத்தைக் குறை" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது கால் போவதற்கு முன்பே புத்தி தடுமாறத் தொடங்கிவிடும். ஓடுகிறவனுக்கு அது தெரியாது. தான் நன்றாக இருப்பதாகவே அவன் நம்புவான். வெயிலின் கொடுமை இதுதான் தம்பி. அளக்க வேண்டிய கருவியே முதலில் பழுதாகிவிடுகிறது. அந்த நேரத்தில் உன் உடம்பைப் பற்றிச் சரியாகச் சொல்லக்கூடியவை உன் கூட்டாளியின் கண்கள் மட்டும்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு காட்சி உண்டு. தோக்கியோ ஒலிம்பிக்கின் மரதனை வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். 2021 ஓகஸ்ட் 8ஆம் திகதி அங்கேயும் புழுக்கம் விடவில்லை. 106 பேர் புறப்பட்டு 30 பேர் பாதியில் நின்றார்கள். எலியுட் கிப்சோகே தனியாக முன்னே போய்விட்டார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மூன்று பேர் போட்டி: கென்யாவின் லோரன்ஸ் செரோனோ, நெதர்லாந்தின் அப்டி நகேயே, பெல்ஜியத்தின் பஷீர் அப்டி. பின்னவர்கள் இருவரும் சோமாலியாவில் பிறந்து, சிறு வயதில் அகதிகளாகப் போனவர்கள். சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். கடைசி நேரத்தில் பஷீர் பின்தங்கினார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த நகேயே திரும்பிப் பார்த்துக் கையசைத்தார், வா, வா என்று. மறுபடியும் திரும்பினார், மறுபடியும் கை. பஷீர் செரோனோவைத் தாண்டி, நகேயேக்கு 2 விநாடி பின்னால் வெண்கலத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கையசைப்பை உலகம் முழுக்கக் காட்டினார்கள். நீ யோசிக்க வேண்டியது அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி. கூட்டாளிக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா, இல்லையா என்பது ஒரு பார்வையிலேயே தெரிய வேண்டுமானால் எத்தனை விடியற்காலைகள் சேர்ந்து ஓடியிருக்க வேண்டும்! பஷீருக்கு உண்மையிலேயே முடியாமல் போயிருந்தால் அதுவும் நகேயேக்குத் தெரிந்திருக்கும்.

இனி ஊவாவுக்கு வருவோம். உன் மாவட்டத்தைப் போல் பயிற்சிக்கு வாய்ப்பான இடம் குறைவு. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே, பதுளை நகரம் 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே, மஹியங்கனையோ சமவெளி. மூன்றும் ஒரே மாவட்டம், ஆனால் வெயில் மூன்று விதம். தம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் தோட்டப் பாதையில் விடிய முன் பனிக்குள் ஓடினால் நெஞ்சும் காலும் பலப்படும். ஆனால் அங்கே மட்டும் ஓடிவிட்டுப் போட்டிக்குக் கொழும்புக்குப் போனால் ஏமாந்து போவாய்.

ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்றை நீ பிறந்ததிலிருந்து அறிவாய். தென்மேல் பருவக்காற்று மழையை நுவரெலியா, ஹட்டன் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம் வருவது இந்தக் காற்றினால்தான். கொழுந்துக்கு நல்லது செய்கிற அதே காற்று ஓட்டக்காரனை ஏமாற்றும். வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று நினைப்பாய். உடம்போ தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். கொழும்பில் இது தலைகீழ். கடற்கரை ஈரத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2019இல் தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மரதனை நள்ளிரவில் நடத்தினார்கள். சூரியனே இல்லை. இருந்தும் 30 பாகைக்கு மேல் வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்ததில் 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை.

ஆகவே வெயிலுக்கு உடம்பைப் பழக்க வேண்டும். இதற்கு 10 முதல் 14 நாள் போதும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறையும், அதே வேகத்துக்கு இதயம் மெதுவாக அடிக்கும். குளிரான இடத்துக்குத் திரும்பினால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் போய்விடும். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் பதுளை நகரத்தின் பகல் வெயிலிலும், முடிந்தால் மஹியங்கனையிலும், அரை மணி நேரத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள். வேக ஓட்டத்தையும் நீண்ட ஓட்டத்தையும் விடியற்காலைக்கு வையுங்கள். வெயிலில் ஓடும் நாட்களில் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் குழி இருக்கிறது. குடிக்காமல் ஓடுவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி மயங்கி விழுவதும் நடக்கும். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்பு இறங்கியிருந்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டிஸ்பென்சரித் தராசில் ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. கூடியிருந்தால் குடித்தது அதிகம். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகிற உப்பு அதில் போதாது. நீண்ட ஓட்டத்துக்கு ஒரு ஜீவனி உப்புத்தூள் பக்கற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் தோட்டத்து அம்மாக்களைவிட நல்ல ஆசிரியர் உனக்குக் கிடைக்கமாட்டார். தலையில் துணி, இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்து என்று அவர்கள் மலையில் நிற்கும் நேரத்தை எண்ணிப் பார். எப்போது குடிக்க வேண்டும், எப்போது நிழலில் நிற்க வேண்டும் என்று அவர்களிடம் கேள். இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்: எந்த மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது என்று. குளவிக் கொட்டு மலையகத்தில் உயிரைக் குடித்திருக்கிறது. தனியே ஓடுகிறவன் கொட்டு வாங்கி விழுந்தால் ஆளை அழைக்கவும் யாருமில்லை.

கூட்டாளியோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவன் "நில்" என்றால் மற்றவன் நிற்க வேண்டும். ஏன் என்ற வாதமெல்லாம் நின்ற பிறகு. மூன்று கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்தத் தோட்டம்?" "அடுத்த பீலி எங்கே?" பதில் தடுமாறினால், நாக்குக் குழறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், கால் பின்னினால், ஓட்டம் அந்த இடத்தில் முடிந்தது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். ஓட்டக்காரனுக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும்போதும் வெப்பத்தாக்கு வரும்.

அப்படி வந்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், வாகனம் பிறகுதான். நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, தண்ணீரை விடாமல் ஊற்று. பக்கத்தில் பீலி இருந்தால் அதன் கீழேயே பிடித்து வை, தலையை மட்டும் தாங்கிக்கொள். புத்தி தெளியாதவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதே. உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடு. அமெரிக்காவில் பல்மத் என்ற ஊரின் கோடைகால ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது. உடனே பனிக்கட்டித் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. உங்களுக்குப் பனிக்கட்டி கிடைக்காது. ஆனால் மலையில் பீலிகள் இருக்கின்றன. நீங்கள் ஓடும் பாதையில் எங்கெங்கே தண்ணீர் விழுகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் நடந்து போய்ப் பார்த்து எழுதி வையுங்கள்.

 

மஹியங்கனை ஓட்டம் முடிந்ததும் இருவரின் எடைக் கணக்கையும் எழுதி அனுப்பு. உன்னுடையதைக் கூட்டாளியும், அவனுடையதை நீயும் எழுதினால் நல்லது.