ரேப்பியர் வாள் செய்யச் சொல்லும் முன்

டோலேடோ, சோலிங்கன் நகரங்களின் வாளலகுகள் 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேர்போனவை. குத்திச் சண்டையிடுவதற்கான நீண்ட, ஒல்லியான வாளான அந்தக் காலத்து ரேப்பியரை அதேபோல் செய்து வாங்க ஆசையா? கொல்லரைத் தேடும் முன் எதற்கு என்று முடிவு செய்யுங்கள். பயிற்சிக்கு என்றால் முனை மழுங்கிய, வளைந்து கொடுக்கும் அலகு. கண்ணாடிப் பெட்டிக்கு என்றால் கதை வேறு.

‘இத்தாலிய ரேப்பியர்’ என்று மட்டும் சொன்னால் ஏதோ ஒன்று வந்து சேரும். லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் போன்ற அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வாளைக் காட்டி, “இதுபோல்” என்று கேளுங்கள். கைப்பிடி வகைகளுக்கு ஏ.வி.பி. நார்மனின் நூல் உண்டு. பழகிய கைவினைஞருக்கு அதில் உள்ள வகை எண்ணைச் சொன்னாலே புரியும். புரியவில்லையென்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

எடையையும், கைக்காப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் வாள் சமநிலையில் நிற்கும் என்பதையும் கேளுங்கள். பழைய ரேப்பியர்கள் பல ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். இரண்டு கிலோ என்றால் அது இரும்புக் கம்பி. துருப்பிடிக்காத எஃகு என்று பெருமையாகச் சொன்னால் விலகிவிடுங்கள். அவ்வளவு நீள அலகுக்கு அது சரிப்படாது, ஓங்கி இடித்தால் முறியலாம். தோய்ச்சல் கொடுத்துப் பதப்படுத்திய கார்பன் எஃகே வேண்டும். அலகின் வால் பிடிக்குள் முழுதாக ஓடுகிறதா, பற்றவைத்த ஒட்டா என்றும் பாருங்கள்.

நல்ல பட்டறையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்பணம், தாமதம், இறக்குமதிச் சட்டம் மூன்றையும் முதலிலேயே எழுத்தில் பேசிவிடுங்கள்.