உப்பு நீரும் வேரின் ஆற்றல் செலவும்



வாணியம்பாடி, ஆம்பூர்ப் பாலாற்றுப் படுகையின் நிலைமை ஆலங்காயம் வட்டாரத்தினர் அறிந்ததே. தோல் பதனிட இடும் உப்பு, கழிவுநீருடன் நிலத்தில் இறங்கிற்று. தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதென்ற வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை, 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

இலை கருகாமல் பச்சையாக நிற்கும் பயிரிலும் விளைச்சல் குறைவதேன்? வேர் நீரை உறிஞ்சுவதை உப்பு தடுப்பது ஒரு காரணம். உயிரணுக்களுக்கு நேரும் கூடுதல் ஆற்றல் செலவு மற்றொன்று.

செய்தி அறியவும் செலவு

இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கொண்டு உயிரணு 'ஏடிபி' என்னும் பொருளை உண்டாக்குகிறது. இதுவே அதன் கைச்செலவுக் காசு. வேரில் சோடியம் மிகுந்தால், உயிரணுவினுள் சில நொடிகளில் கால்சியம் பெருகுகிறது. இதுவே அபாய அறிவிப்பு. இதை உணரும் புரதம் ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பொருத்தி, சோடியத்தை வெளியேற்றும் வாயிலை இயக்குகிறது. அடுத்த அறிவிப்பை உணர வேண்டுமாயின், பெருகிய கால்சியத்தை அப்புறப்படுத்த வேண்டும். அதற்கும் ஏடிபி செலவாகிறது.

புதிய புரதம் செய்யவும் செலவுண்டு. மரபுச் செய்தியைப் படித்து ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கக் குறைந்தது 4 அலகு ஆற்றல் வேண்டும். 300 அமினோ அமிலங்களுள்ள புரதத்திற்கு 1,200 அலகு. இதில் ஒரு பகுதி, செய்தியைப் பிழையின்றிப் படிப்பதற்கே ஆகிறது. இவ்வேலையைச் செய்யும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

உப்பு நீங்கும்வரை இச்செலவு ஓயாது. நுழையும் சோடியத்தை வேர் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறது. கதிருக்குச் செல்ல வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கு வேரிலேயே தீர்ந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை

1. கோடையில் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புக.

2. உவர் நிலமாயின், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் விடுக.

3. களர் நிலமாயின், பரிசோதனையில் பரிந்துரைத்த அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடிக்கவும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம்.

4. பச்சைப்பயறு உப்பை அதிகம் தாங்காது. பருத்தி, சோளம் ஆகியவை அதைவிட நன்கு தாங்கும். நீரின் தன்மையறிந்து பயிரைத் தேர்ந்தெடுக்கவும்.

வேரின் உப்புச் சுமையை நாம் குறைத்தால், மிச்சப்படும் சர்க்கரை மணியாகத் திரும்பும்.