வயலில் தண்ணீர் நின்றால்: டெல்டா வெள்ளமும் பயிர்க் காப்பீடும்



சென்ற ஐப்பசி மழை ஓய்ந்த மறுவாரம், நம் அறக்கட்டளை நிலத்தில் மூன்று மா குத்தகைக்குச் செய்கிற மஹல்லாவாசி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பக்கத்து வயக்காரரு இன்சூரன்ஸ் கட்டியிருக்காரு பாய், அவருக்கும் ஒண்ணும் வராதுங்கிறாங்க. எனக்குக் கட்டவே முடியல, அடங்கல் உங்க பேருல இருக்குதாம். கட்டினவருக்கும் கட்டாத எனக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

அன்று சரியான பதில் என்னிடம் இல்லை. அதன்பின் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெள்ளத்தைப் பற்றி. நம் பகுதிக்கு வெள்ளம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ஆடி ஆவணியில் குடகிலும் கேரள மலைகளிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆற்றோடு இறங்கி வருவது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த வகை. கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் பேசப்படுவதும் அதே மழைதான். அப்போது மேட்டூர் அணை கிடையாது. 1934-ல்தான் அது திறக்கப்பட்டது. அணை வந்த பிறகும் ஆற்று வெள்ளம் ஒழிந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி வரை திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த மாதம் 22-ஆம் தேதி இரவு, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கமிருந்த 45 மதகுகளில் 9 உடைந்து போயின. ஆனாலும் இந்த வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்ற வடிகால் இருக்கிறது. கரையோரத்தாருக்கு ஆபத்துதான், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிற வெள்ளம்.

நம் சம்பாவை அழிப்பது இரண்டாவது வகை. ஐப்பசி, கார்த்திகையில் நம் தலைமேலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 1952, 1977 நவம்பர்ப் புயல்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மழைக்கு மேட்டூரும் கல்லணையும் எதுவும் செய்ய முடியாது. தண்ணீர் வடிய வேண்டும், அவ்வளவுதான். கடலை நோக்கிப் போகப் போக நிலம் தட்டையாகிறது, கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் உள்வாங்காது, வடிகால் வாய்க்கால்களில் நெய்வேலிக் காட்டாமணக்கும் வெங்காயத் தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன. அதனால் ஒரே ஊரில் மேட்டு வயல் தப்பிக்கிறது, பள்ளத்து வயல் பத்து நாள் மூழ்கிக் கிடக்கிறது. காப்பீட்டுச் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம், மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாக அளப்பதில்லை. நம் மாநிலத்தில் நெல்லுக்கு வருவாய் கிராமம் ஓர் அலகு. அந்தக் கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி எடுப்பார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியிலிருந்து ஓர் உத்தரவாத மகசூலை முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். கிராமச் சராசரி அதைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் பணம் வரும்.

கணக்காகவே பார்க்கலாம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். (குறுவைக்கு 2 சதவீதம். மீதிப் பிரிமியத்தை மத்திய, மாநில அரசுகள் செலுத்துகின்றன.) உத்தரவாத மகசூல் 2,000 கிலோ, கிராமச் சராசரி 1,800 கிலோ என்றால் பத்தில் ஒரு பங்கு குறைவு, எல்லாருக்கும் ஏக்கருக்கு 3,600 ரூபாய். ஒரு மணிகூட விளையாதவருக்கும் அதே 3,600, நன்றாக அறுத்தவருக்கும் அதே 3,600. கிராமச் சராசரி 2,050 கிலோவாக இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. பக்கத்து வயல்காரருக்கு 'வராது' என்று சொன்னதன் பொருள் இதுதான்.

தனி வயல் இழப்புக்கும் இத்திட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, தீ போன்றவற்றுக்கு அது பொருந்தும். வயலில் தண்ணீர் சூழ்வதும் முதலில் அதில் இருந்தது. ஆனால் நெல் தண்ணீரில் வளரும் பயிர் என்று சொல்லி 2018-ல் நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். கணுக்கால் தண்ணீரில் நிற்கிற பயிருக்கும் தலைக்கு மேல் தண்ணீர் போன பயிருக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் வகுத்த விதி என்றே எனக்குத் தோன்றியது. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அதை மாற்றி, நெல் மூழ்குவதை 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக அறிவித்தது. நம் பிர்க்காவுக்கான அறிவிக்கையில் அந்தப் பிரிவு இடம்பெற்றிருக்கிறதா என்று பணம் கட்டுமுன் வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

இருந்தால், 72 மணி நேரம் என்பதை மறக்காதீர்கள். சேதம் நேர்ந்த மூன்று நாளுக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் வயலில் நின்றே படம் எடுத்து ஏற்ற வேண்டும். 14447 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். தண்ணீர் வடியட்டும், பிறகு பார்ப்போம் என்று நாம் வழக்கமாகக் காத்திருக்கிறோமே, அதற்குள் கெடு முடிந்துவிடும். செல்போன் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்து கொடுக்க வேண்டும். அறுத்து வயலில் உலரப் போட்ட பயிர் புயல் மழையில் நனைந்தால் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்த நெல்லுக்கு அது பொருந்தாது.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு; கேட்க வேண்டிய கேள்விதான். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1985-ல் ஜித்தாவில், நிலையான பிரிமியம் வாங்கும் வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்று முடிவு செய்தது. இந்த அரசுத் திட்டத்தில் பிரிமியத்தின் பெரும்பங்கு மானியம். ஆனால் நடத்துபவை காப்பீட்டு நிறுவனங்கள். ஆலிம்களிடம் கேட்கும்போது இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. காப்பீடு வேண்டாம் என்று ஒதுங்குபவருக்கும் அரசின் பேரிடர் நிவாரணம் உண்டு. 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால், பாசன நிலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது 2022-ல் வகுத்த விதி.

ஆனால் இரண்டுக்குமே சாகுபடி செய்பவரின் பெயர் காகிதத்தில் இருக்க வேண்டும். நம் குத்தகைக்காரர் கேட்டதன் மறுபாதி அதுதான். பக்கத்து வயல்காரருக்குத் தடை விதி. இவருக்குத் தடை நாம். வாய்மொழிக் குத்தகை, அடங்கலில் அறக்கட்டளையின் பெயர். காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் வாரதாரரையும் ஏற்கிறது, ஆனால் சான்று கேட்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற அச்சத்தில் யாரும் எழுதுவதில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் நில உரிமையாளர்கள் பலரும் அப்படித்தான். நாமும் அப்படித்தான் இருந்தோம்.

நிர்வாகக் குழுவில் இதைப் பேச இரண்டு மணி நேரம் ஆனது. குத்தகை நெல் வருமானம் அநாதைப் பிள்ளைகளின் படிப்புக்கானது, அதைத் தள்ளுபடி செய்ய நமக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விற்ற பழத்தைப் பேரிடர் அழித்துவிட்டால் வாங்கியவரிடம் விலையைப் பெறலாகாது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி உண்டு. நிலக் குத்தகைக்கும் அது பொருந்துமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அவருக்கு ஜகாத் கொடுத்து, அதையே குத்தகையாகத் திரும்ப வாங்கலாம் என்று இன்னொரு யோசனையும் வந்தது. இடக்கையால் கொடுத்து வலக்கையால் வாங்குவது போன்ற அந்த ஏற்பாட்டை நான் எதிர்த்தேன். கடைசியில் அந்தப் பருவக் குத்தகையைத் தள்ளுபடி செய்தோம். பேரிடரில் பொருள் இழந்தவர் உதவி கேட்கலாம் என்று கபீஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் அடிப்படையில், விதைக்கும் நடவுக்கும் பைத்துல் மாலிலிருந்து தனியாகக் கொடுத்தோம். அழிந்த பயிருக்கு உஷ்ர் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். அதைப் பற்றியும் மனதில் வைத்துக் குழம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அறக்கட்டளை நிலம் செய்கிற எல்லாருக்கும் எழுத்துக் குத்தகைப் பத்திரம் தயாராகிவிட்டது. ஆதார், வங்கிப் புத்தக நகலோடு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளவும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க நம் ஊழியர் உடன் வருவார். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் பத்திர மாதிரி கேட்டால் தருகிறோம். சம்பாவுக்குக் கெடு வழக்கமாக நவம்பர் 15. கடைசி இரண்டு நாளில் பொதுச் சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யாது. ஐப்பசி பிறக்குமுன்னே வந்துவிடுங்கள்.