இடம்பெயர்வதற்கு முன்னிருந்த வழக்கு: நீங்கள் கேட்கும் கேள்விகள்

ஊர் திரும்பியதும் காணி, கிணறு, கூரை என்று எத்தனையோ வேலைகள் காத்திருக்கும். சில குடும்பங்களுக்குப் பழைய வழக்கொன்றும் காத்திருக்கலாம்: அடிதடி, வாகன விபத்து, அனுமதியின்றி மரம் ஏற்றியது என ஏதோவொன்று.

இத்தனை வருடமாக நீதிமன்றம் போகவில்லை. வழக்கு முடிந்திருக்குமா?

தானாக முடிந்திருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டாம். தவணைக்கு வராதவருக்கு எதிராக நீதவான் பிடியாணை பிறப்பிக்கலாம். அதை நிறைவேற்றும் வரை அல்லது நீதிமன்றம் இரத்துச் செய்யும் வரை அது செல்லுபடியாகும்.

போனால் மறியலில் போட்டுவிடுவார்களா?

எங்களிடம் அதிகம் பேர், அதுவும் தாழ்ந்த குரலில், கேட்பது இதைத்தான். மாட்டார்கள் என்று எவரும் உறுதி தர முடியாது, தீர்மானிப்பவர் நீதவான். ஆனால் பொலிஸார் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்துவது வேறு, நீங்களாகவே சட்டத்தரணியுடன் முன்னிலையாவது வேறு. சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்து, நீங்கள் வராத காரணத்தை விளக்கி, பிடியாணையை மீளப்பெறுமாறு கேட்பார். அந்தக் காரணத்தைக் காட்ட முகாம் பதிவு, நிவாரண அட்டை, கிராம அலுவலரின் கடிதம், வைத்தியசாலைத் துண்டு எல்லாம் உதவும். நனைந்து கிழிந்த துண்டென்றாலும் எறிந்துவிடாதீர்கள்.

வழக்கு இலக்கம் தொலைந்துவிட்டது.

பெயர், பொலிஸ் நிலையம், ஏறக்குறைய எந்த வருடம் என்பவற்றைச் சொல்லி, சட்டத்தரணி மூலம் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் தேடுவியுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்படப் பல இடங்களில் அதன் அலுவலகங்கள் உள்ளன. அடையாள அட்டையையும் வருமானம் பற்றிய கிராம அலுவலரின் கடிதத்தையும் கொண்டு செல்லுங்கள்.

எனது தம்பிக்குப் பிணை நின்றேன். அவர் வரவில்லை.

அப்படியானால் நீங்களும் சட்டத்தரணியைக் காண வேண்டும். எதிரி வராவிட்டால் பிணை முறியில் எழுதிய தொகையைப் பிணையாளியிடம் அறவிடலாம். அவர் காணாமல் போயிருந்தாலோ இறந்திருந்தாலோ அதற்கான முறைப்பாட்டுப் பிரதியை அல்லது மரணச் சான்றிதழை நீதிமன்றத்தில் காட்டுங்கள். எழுதவே மனம் கனக்கிறது. ஆனால் இந்த நிலையில் பல தாய்மாரும் சகோதரரும் இருக்கிறார்கள்.

வழக்கு சிங்களத்தில் நடந்தால்?

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை, செலவு அரசுடையது. விளங்காத எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளுக்குப் பிணை விதிகள் வேறு. அப்படிச் சந்தேகம் இருந்தால் எங்கும் போகுமுன் சட்டத்தரணியுடன் பேசுங்கள்.

தவணையன்று காலை 9 மணிக்கு முன்னரே போய்விடுங்கள். அடுத்த திகதியை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.