வங்கி அட்டையும் கடையின் காவலும்

நமது சங்கங்களின் விற்பனை நிலையங்களிலும் வங்கி அட்டையைப் பெற்றுப் பணம் வசூலிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. சேலை வாங்க வருபவர் அட்டையை நீட்டும்போது விலையை மட்டுமன்று, தமது வங்கிக் கணக்கின் திறவுகோலையும் நம்மிடம் ஒரு கணம் ஒப்புவிக்கிறார். அந்தக் கணம் கழிந்த பின் அத்திறவுகோல் எங்கே கிடக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். அதனை விளக்க, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு திருட்டை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

டி.ஜே.எக்ஸ். என்பது ஆடைகளையும் வீட்டுச் சாமான்களையும் மலிவாக விற்கும் பெரிய அமெரிக்க நிறுவனம். மார்ஷல்ஸ் என்னும் கடைகள் அதற்குச் சொந்தமானவை. அக்கடைகளின் கணினிகளும் கருவிகளும் கம்பியின்றி வானொலி அலை வழியே செய்தி பரிமாறின. அலைக்குக் கடைச் சுவர் ஒரு தடையன்று. தெருவில் நிற்பவனும் அதனைப் பிடிக்கலாம். ஆதலால் செய்தியை மறைகுறியாக்கி அனுப்புவர். மார்ஷல்ஸ் கையாண்ட மறைகுறி முறைக்கு டபிள்யூ.இ.பி. என்று பெயர். போதிய அலைகளைச் சேகரித்தால் அதன் சாவியைக் கணக்கிட்டே கண்டுபிடித்துவிடலாம் என்பதை 2001ஆம் ஆண்டிலேயே புளூரர், மாண்டின், ஷமீர் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதி வெளியிட்டுவிட்டனர். அதனினும் உறுதியான முறை பின்னர் விற்பனைக்கும் வந்தது. ஆயினும் பழைய பூட்டே தொங்கிக்கொண்டிருந்தது.

2005 ஜூலையில், மயாமி நகரத்துக் கடை ஒன்றின் வெளியே காரில் அமர்ந்தபடியே, மடிக்கணினியின் துணையால் திருடர்கள் அவ்வலைக்குள் நுழைந்தனர். அங்கிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள தலைமைக் கணினியையே அடைந்துவிட்டனர். ஊர்க்கோடிக் கிளையின் சாளரம் வழியே புகுந்தவன் தலைமைச் சங்கத்தின் நூல் கிடங்கிலே நடமாடியது போன்றது இது. புது மறைகுறி முறைக்கான செலவைத் தள்ளிவைப்பது பற்றி அதே ஆண்டு நவம்பரில் நிறுவன அதிகாரிகள் தம்முள் எழுதிக்கொண்டது பின்னர் நீதிமன்றத்தில் வெளியாயிற்று. அப்போது திருடர்கள் உள்ளேதான் இருந்தனர்! 2006 டிசம்பரில்தான் நிறுவனம் விழித்துக்கொண்டது. 2007 ஜனவரியில் உலகறியச் சொன்னது.

களவு போன அட்டை விவரங்கள் குறைந்தது 4 கோடியே 57 லட்சம் என்று நிறுவனமே கணக்குக் காட்டிற்று. அவற்றுள் முக்கால் பங்கு காலாவதியானவை அல்லது முழு விவரம் இல்லாதவை என்றும் கூறியது. சரிதான்; ஆனால் 2003ஆம் ஆண்டில் நடந்து முடிந்த வியாபாரத்தின் அட்டை எண்கள் 2005லும் அங்கே ஏன் கிடந்தன என்பதே நமது கேள்வி. ரசீதில்லாமல் சரக்கைத் திருப்பித் தந்தோரின் வாகன ஓட்டுநர் உரிம எண்களையும் எழுதி வைத்திருந்தனர். வேண்டுவதற்கு மேல் சேர்த்தனர், வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருந்தனர் என்று கனடா நாட்டின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர் 2007 செப்டம்பரில் தீர்ப்புரைத்தார். பூட்டைவிட இக்குறையே பெரிதென்பது எமது கருத்து. பூட்டு எதுவாயினும் ஒருநாள் உடையலாம். இல்லாத பொருளை எடுத்துச் செல்வாரில்லை.

விசா அட்டை வழங்கிய வங்கிகளின் நஷ்டத்துக்காக மட்டும் 4 கோடியே 9 லட்சம் டாலர் வரை தர அந்நிறுவனம் உடன்பட்டது. திருட்டுக் கூட்டத்தின் தலைவன் ஆல்பர்ட் கன்சாலஸுக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவன் இத்தொழிலை நடத்திய காலத்தில், அமெரிக்க அரசின் ரகசியக் காவல் துறைக்கே துப்புச் சொல்பவனாக இருந்தான் என்பது வேடிக்கை.

வாங்குவோரின் அட்டை எண்ணை வணிகர்கள் சேமித்து வைத்தலாகாது என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது; கணக்குச் சரிபார்க்கக் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். தொலைபேசியில் சேலைக்குச் சொல்லியனுப்பியவரின் அட்டை எண்ணைக் குறித்த பழைய நோட்டு எதுவும் விற்பனை நிலைய மேசைக்குள் கிடக்கிறதா என்று காரியதரிசிகள் பார்க்க வேண்டும். கடைக்கு வருவோருக்குத் தரும் வை-பை இணைப்பும் பில் போடும் கணினியின் இணைப்பும் ஒன்றாயிருப்பின் அவற்றைப் பிரிக்கச் செய்ய வேண்டும். இணைப்புக் கருவியின் கடவுச்சொல், வாங்கிய நாளில் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததுதானா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.