ஓடிய தூரத்திற்கேற்ற சாலைக் கட்டணம்

சாலையும் தேய்ந்துபோகும் பொருளே. காலணியின் தேய்வைப் போல அதன் தேய்வு அதனைப் பயன்படுத்துவோன் கண்ணுக்கு உடனே புலப்படுவதில்லை. குழி விழுந்த பின்னரே அதனை உணர்கிறோம். செப்பனிடும் செலவை யார் தருவது, எவ்வளவு தருவது என்னும் வினாவிற்கு உலக நாடுகளிற் பெரும்பாலானவை நெடுங்காலமாக ஓர் எளிய விடையைக் கையாண்டு வந்திருக்கின்றன. எரிபொருளின் மீது வரி விதிப்பதே அது. மிகுந்த தூரம் ஓடும் வண்டி மிகுந்த எண்ணெயைக் குடிக்கும். பளுவான வண்டி அதனினும் மிகுதியாகக் குடிக்கும். ஆகவே லிட்டரை அளந்தால், சாலையை உபயோகித்த அளவையும் ஒருவாறு அளந்ததாகும். நம் நாட்டிலும் பெட்ரோல், டீசல் ஆகியவற்றின் மீது மத்திய அரசு விதிக்கும் தீர்வையில் ஒரு பகுதி சாலைகளுக்கெனச் செலவிடப்படுகிறது.

மின்சார வண்டி இந்த அளவுகோலை முறித்துவிட்டது. அது வீட்டிலேயே மின்னேற்றம் பெறுகிறது. விளக்கிற்குச் சென்ற யூனிட் எது, வண்டிக்குச் சென்ற யூனிட் எது என்று வீட்டு மின்மானி பிரித்துக் காட்டாது. எண்ணெய் குடிக்காத வண்டியும் சாலையைத் தேய்க்கத்தான் செய்கிறது. ஆனால் எரிபொருள் வரியின் வழியே அது ஒரு காசும் தருவதில்லை. இந்நிலையில் லிட்டரை விடுத்து, ஓடிய தூரத்தையே நேராக அளந்தால் என்ன என்னும் எண்ணம் இயல்பாக எழுகிறது.

இம்முறையில் நீண்ட அனுபவம் பெற்ற நாடு நியூஸிலாந்து. அங்கே டீசலைப் பெருமளவில் உழவு யந்திரங்களும், படகுகளும், சாலையில் ஓடாத பிற யந்திரங்களும் உபயோகிக்கின்றன. சாலைக்கென டீசலுக்கு வரி விதித்தால், உழவனும் மீனவனும் சாலைக்காகப் பணம் தர நேரிடும். எனவே டீசலை அவ்வரியினின்று விலக்கி, டீசல் வண்டிகளிடம் தூரத்தையும் எடையையும் கணக்கிட்டுக் கட்டணம் பெறும் சட்டத்தை 1977ஆம் ஆண்டில் இயற்றினர். மறு ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் வண்டிகள் மட்டும் முன்போலவே எரிபொருளோடு வரி செலுத்தி வந்தன. 2009 முதல் விலக்குப் பெற்றிருந்த சிறு மின்சார வண்டிகளும் 2024 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் இக்கட்டணத்திற்கு உட்பட்டன. 3.5 டன்னுக்கு மேற்படாத டீசல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் ஒரே விகிதம் விதிக்கப்பட்டது. 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூஸிலாந்து டாலர். மின்னேற்றமும் பெட்ரோலும் ஆகிய இரண்டையும் கொள்ளும் கலப்பு வண்டி, பெட்ரோல் வழியே ஒரு பங்கினை முன்னரே தந்துவிடுகிறது. ஆதலின் அதற்கு 38 டாலர் என அமைத்தனர்.

தூரம் மட்டும் போதுமா? போதாது, எடையையும் நோக்க வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்னும் ஊரருகே இதற்கெனவே சாலைகள் அமைத்து, படைவீரர்களைக் கொண்டு லாரிகளைத் தொடர்ந்து ஓட்டிப் பரிசோதித்தனர். சாலைக்கு நேரும் சேதம், அச்சின் மீதுள்ள பளுவின் ஏறத்தாழ நான்காம் அடுக்கிற்கு ஒப்ப வளர்கிறது என்பது அதன் முடிவு. ஓர் அச்சின் பளு 0.8 டன், மற்றொன்றின் பளு 8 டன் எனக் கொள்வோம். பளு பத்து மடங்கே. சேதமோ பத்தாயிரம் மடங்கு! சாலையின் அமைப்பிற்கேற்ப இந்த அடுக்கு சிறிது மாறுமாயினும், கனரக வண்டியையும் சிறு காரையும் ஒரே விகிதத்தில் வைத்தல் தகாது என்பதில் ஐயமில்லை. நியூஸிலாந்தில் கனரக வண்டிகளுக்கு எடையும் அச்சுகளின் எண்ணிக்கையும் பார்த்தே விகிதம் அமைகிறது. ஒரே பளுவை மிகுதியான அச்சுகள் பகிர்ந்து தாங்கினால் கட்டணம் குறைகிறது. மின்சாரக் கார், மின்கலத்தின் பொருட்டு, ஒத்த பெட்ரோல் காரைவிடச் சற்றுக் கனமானது. அதனால் சாலை பாழாகிறது என்று சிலர் கூறக் கேட்கிறோம். லாரியின் பளுவோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று.

இனி அளக்கும் கருவியைக் காண்போம். சிறு வண்டிகளுக்கு அவற்றிலுள்ள தூரமானியே போதும். கனரக வண்டிகளுக்குச் சக்கரத்தின் நடுவே, மாட்டு வண்டிக்காரர் 'குடம்' என்று வழங்கும் பகுதியில், தனியொரு தூரமானியைப் பொருத்துவர். அதனுள்ளே கனமான ஓர் ஊசற்குண்டு எப்பொழுதும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். புறக்கூடு சக்கரத்தோடு சுழலும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள சுழற்சியைப் பற்சக்கரங்கள் எண்ணிக் கிலோமீட்டராகக் காட்டும். மின்சாரம் வேண்டாத இந்த எளிய யந்திரம் போற்றத்தக்கது. அதற்கும் ஒரு குறை உண்டு. அது எண்ணுவது சுழற்சியை, தூரத்தை அன்று. 1 மீட்டர் விட்டமுள்ள டயர் தேய்ந்து 98 சென்டிமீட்டரானால், மானி உண்மையினும் 2 சதவீதம் மிகுத்துக் காட்டும்.

பழைய முறையில் உரிமையாளர் 1,000 கிலோமீட்டர் அளவாக முன்பணம் செலுத்தி, தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் அச்சிட்ட சீட்டினை முகப்புக் கண்ணாடியில் ஒட்டுவார். தூரமானியின் எண் சீட்டின் முடிவு எண்ணைக் கடந்திருந்தால், கடந்த தூரம் கட்டணம் செலுத்தாத தூரமாகும். சாலையில் நிற்கும் பரிசோதகர் இரண்டு எண்களை ஒப்பிட்டாலே போதும். 2012ஆம் ஆண்டின் சட்டம் மின்னணுத் தூரப் பதிவுக் கருவிக்கும் இடமளிக்கிறது. அரசு ஒப்புதல் பெற்ற நிறுவனம் பொருத்தும் இக்கருவி, தூரத்தைத் தானே பதிந்து, வாங்கிய தூரம் முடியும் தறுவாயில் அடுத்த பகுதியையும் வாங்கிவிடும். சீட்டு திரையிலேயே தோன்றும். காட்டிலும் பண்ணை நிலத்திலும் ஓடிய தூரத்திற்குக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அங்குள்ள விதி. அத்தூரத்தைப் பிரித்துக் காட்டுவதில் இக்கருவி பெரிதும் உதவுகிறது.

ஆனால் செயற்கைக்கோளை மட்டும் நம்புதல் கூடாது. சுரங்கப் பாதையில் அதன் ரேடியோ அலை எட்டுவதில்லை. நிற்கும் வண்டியின் இருப்பிடக் கணிப்பும் சற்றே அசைந்தவண்ணம் இருக்கும். விநாடிக்கு 1 மீட்டர் அசைவையும் கருவி ஓட்டமெனக் கூட்டினால், நகராத வண்டி ஒரு மணி நேரத்தில் 3.6 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கேறும். சக்கரச் சுழற்சியையும் செயற்கைக்கோள் கணிப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெரிதும் வேறுபடின் அதனைக் குறித்துவைக்கும் கருவியே நம்பத்தக்கது. மோசடியையும் இந்த ஒப்பீடே வெளிப்படுத்தும்.

கட்டணத்தின் நியாயத்தை ஒரு சிறு கணக்கால் ஆராயலாம். நியூஸிலாந்தில் பெட்ரோலுக்குரிய சாலை வரி, 15 சதவீத விற்பனை வரியும் சேர, லிட்டருக்கு ஏறத்தாழ 80 சென்ட். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் கார் 1,000 கிலோமீட்டருக்கு 80 டாலர் தருகிறது. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் கார் தருவது 32 டாலரே. இரண்டும் சாலையைத் தேய்ப்பது ஏறக்குறைய ஒரே அளவு. பழைய காரை வைத்திருப்பவர் இரண்டரை மடங்கு தருகிறார். மின்சாரக் காரோ 76 டாலர் தருகிறது. சிக்கனமான பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் மிகுதியாகச் செலுத்துவது முறையோ என்று அதன் உரிமையாளர் வினவினால், அவ்வினாவில் நியாயமுண்டு. பெட்ரோல் வரியையும் நீக்கி எல்லாச் சிறு வண்டிகளையும் தூரக் கட்டணத்திற்கே கொணர்வதாக 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு அறிவித்தது. கண்ணாடியில் சீட்டு ஒட்டும் கட்டாயத்தை நீக்குவதும் அத்திட்டத்தில் அடங்கும்.

மக்கள் மனத்தில் எழும் மற்றோர் ஐயத்தையும் ஒதுக்கலாகாது. எவ்வளவு ஓடினேன் என்பதை அரசு அறியட்டும். எங்கே சென்றேன் என்பதையும் அறிய வேண்டுமோ? ஜெர்மனியில் 2005 ஜனவரி முதல் லாரிகளிடம் செயற்கைக்கோள் உதவியால் கட்டணம் பெறுகின்றனர். அவ்விவரங்களைக் கட்டணத்தையன்றி வேறு காரியத்திற்கு உபயோகிப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுத்துள்ளது. இருப்பிட விவரம் கருவியினுள்ளேயே தங்கி, கூட்டுத்தொகை மட்டும் வெளிச்செல்லுமாறு அமைப்பதே மேலும் நன்று என்பது எமது கருத்து. நம் நாட்டில் ஃபாஸ்டேக் பட்டை சுங்கச்சாவடியில் வண்டியை இனங்காட்டுகிறதேயன்றித் தூரத்தை அளப்பதில்லை. 2024 செப்டம்பரில் திருத்திய தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளோ, செயற்கைக்கோள் கருவி பொருத்திய வண்டிகளுக்குத் தூரத்தைக் கொண்டு கட்டணம் கணக்கிட வழிசெய்துள்ளன. தேசிய உரிமம் பெற்றவை நீங்கலாக, அத்தகைய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் முதல் 20 கிலோமீட்டருக்குக் கட்டணமில்லை. ஆகவே இந்த ஐயம் நமக்கும் உரியதே.

ஆசிரியர்கள் பள்ளி முற்றத்திலேயே இதனைச் செய்து காட்டலாம். சைக்கிளின் முன்சக்கர ஆரக்கால் ஒன்றில் வண்ண நூலைக் கட்டி, ஒரு மாணவனை ஏற்றி, சைக்கிளைத் தள்ளிச் சென்று 20 சுற்றுகளை எண்ணுக. கடந்த தூரத்தை நாடாவால் அளந்து 20ஆல் வகுக்க. பின்னர்க் காற்றைச் சிறிது இறக்கிவிட்டு மீண்டும் அளக்க. ஒரு சுற்றிற்குரிய தூரம் குறைந்திருக்கும். முன்னது 2.10 மீட்டர், பின்னது 2.06 மீட்டர் என்றால், 2.10 எனக் கணக்கிடும் மானி 1,000 கிலோமீட்டர் காட்டும்பொழுது வண்டி உண்மையில் ஓடியது 981 கிலோமீட்டரே. எஞ்சிய 19 கிலோமீட்டருக்கு, 76 டாலர் விகிதப்படி, உரிமையாளர் வீணே செலுத்தும் தொகை எவ்வளவு என்பதை மாணவர்களே கணக்கிடுக.